பின்னால் போய் மோதியவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடையாதா?

கேள்வி: என் தங்கையின் கணவருக்கு வயது 34. சொந்தமாக எலெக்ட்ரிக்கல் ஒப்பந்த வேலை செய்துவந்தார். மாதம் ஏறத்தாழ 25,000 ரூபாய் வருமானம். இரண்டு மாதங்களுக்கு முன், திண்டிவனம் அருகே நான்குவழிச் சாலையில் இரவு 2 மணிக்கு, விளக்கு எதுவும் எரியாமல் நின்றிருந்த லாரியின் பின்புறம் அவர் ஓட்டிவந்த கார் மோதியது. காரின் முன்பாதி லாரிக்கு அடியில் புகுந்துவிட்டது. அவர் அங்கேயே இறந்துவிட்டார். உடன் வந்த நண்பர் பலத்த காயத்துடன் பிழைத்தார். போலீசார் முதல் தகவல் அறிக்கையில், இறந்தவரே அதிவேகமாக ஓட்டி மோதியதாக எழுதிவிட்டனர். லாரியையும் விடுவித்துவிட்டார்கள். "பின்னால் மோதினால் ஒன்றும் கிடைக்காது" என்கிறார்கள். தங்கைக்கு இரண்டு குழந்தைகள். மாமியாரும் அவளோடுதான் இருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: "பின்னால் மோதியவன் மீதுதான் தப்பு" என்பது சுங்கச்சாவடி டீக்கடையில் சொல்லும் சட்டம். ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்துக்குப் பின்னால் இடைவெளி விட்டு வர வேண்டும் என்பது உண்மை. ஆனால் இருட்டில் அடையாளமே இல்லாமல் நிற்கும் வண்டிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பிறருக்கு ஆபத்து நேரும்படி வாகனத்தைச் சாலையில் நிறுத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவே சொல்கிறது.

உச்ச நீதிமன்றமும் இதைப் பலமுறை சொல்லிவிட்டது. 2018-ல் அர்ச்சித் சைனி வழக்கில், விளக்கின்றிச் சாலை நடுவே நின்ற எரிவாயு டேங்கர் மீது கார் மோதியிருந்தது. கார் ஓட்டியவர் மீது பாதித் தவறைச் சுமத்திய உயர் நீதிமன்றத் தீர்ப்பு ரத்தானது. 2024-ல் சுஷ்மா வழக்கில், நெடுஞ்சாலையில் எச்சரிக்கை அடையாளம் ஏதுமின்றி விடப்பட்டிருந்த 14 சக்கர டிரெய்லர் மீது கார் மோதியது. அங்கும் பாதிப் பங்கு என்ற கணக்கு நிற்கவில்லை. ஓட்டுநரிடம் தவறு இருந்தாலும் அதை உடன் வந்த பயணிகள் தலையில் கட்டக்கூடாது என்றும் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. உங்கள் தங்கை கணவரின் நண்பருக்கு இது நேரடியாகப் பயன்படும். அவர் தனியாக மனுப்போட்டு, முழுத் தொகையையும் லாரியின் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்கலாம்.

முதல் தகவல் அறிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். இறந்தவர் பெயரில் வழக்குப் பதிந்து, "எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) இறந்துவிட்டார்" என்று முடித்துவிடுவது காவல் நிலையத்துக்கு வேலையைக் குறைக்கும் வழி. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அது கட்டுப்படுத்தாது. அங்கே குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். நண்பர்தான் நேரில் கண்ட சாட்சி. லாரியின் பின்விளக்கு எரிந்ததா, முக்கோண எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தார்களா, லாரி தார்ச்சாலை மீது நின்றதா, ஓரத்தில் இறங்கி நின்றதா என்பதை அவர் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளட்டும். இரண்டு ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் நிற்கும்போது நினைவு மங்கியிருக்கும்.

உங்கள் கேள்வியில் "லாரிக்கு அடியில் புகுந்துவிட்டது" என்று ஒரே வரியில் சொல்லிப் போய்விட்டீர்கள். வழக்கறிஞர்கள் பலரும் அப்படித்தான் கடந்துபோகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. காரின் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. லாரியின் தளமோ பானெட்டை விட உயரம். பானெட் அடியில் நழுவிப்போக, தளத்தின் விளிம்பு நேராகக் கண்ணாடியில், தலை மட்டத்தில் வந்து இறங்குகிறது. காற்றுப்பை விரிந்தாலும் பயன் குறைவு. இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால் குறுக்குக் கம்பி கட்டாயமாக்கப்பட்டது. இந்தியத் தரநிலை 14812-இன்படி அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 55 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. (1967-ல் நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் இப்படி ஒரு விபத்தில் இறந்த பிறகு, அமெரிக்காவில் அந்தக் கம்பிக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று.) நம் சாலைகளில் அது தகரம்போல் மெலிந்தோ, மேல்நோக்கி வளைந்தோ, சில வண்டிகளில் அறவே இல்லாமலோ இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நம் தீர்ப்பாயங்களில் வாதம் பெரும்பாலும் விளக்கோடு நின்றுவிடுகிறது. உங்கள் வழக்கறிஞர் கம்பியையும் மனுவில் சேர்க்கட்டும். மோதலுக்குக் காரணம் யாராக இருந்தாலும், உயிர் போனதற்குக் கம்பி இல்லாததும் ஒரு காரணம் என்பது தனி வாதம். தடுப்பு பலவீனமாக இருந்ததாகச் சொல்லித் தயாரிப்பாளர் மீதே தொடுக்கப்பட்ட வழக்கில், 2024-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஜூரி 46.2 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. பின்னர் நீதிபதி அதைக் குறைத்தார். இங்கே அந்த அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

தொகைக்கு வருவோம். 25,000 ரூபாய் வருமானத்தை நிரூபித்தால், 40 வயதுக்குக் குறைந்த சுயதொழிலர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்ந்து 35,000 ஆகும். சார்ந்திருப்பவர்கள் நான்கு பேர் என்பதால் அவரது சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும், மீதி 26,250. ஆண்டுக்கு 3,15,000. ஆண்டுத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது; 34 வயதுக்கான அந்தப் பெருக்கு எண் 16. ஆக 50,40,000 ரூபாய். இதோடு ஈமச்செலவு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை சேரும். அவர் மீதும் ஓரளவு தவறு என்று தீர்ப்பாயம் கருதினால், அந்த விகிதம் கழியும். வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, பில் புத்தகங்களை இப்போதே திரட்டுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தவறு யாருடையது என்று பார்க்காமலேயே மரணத்துக்கு 5 லட்சம் தர 164-வது பிரிவு வழிசெய்கிறது. கைச்செலவுக்குப் பணமில்லாத வீட்டில் அது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அதை ஏற்றுக் கையெழுத்திட்டால், 166-வது பிரிவின்கீழ், அதாவது லாரியின் தவறைக் காட்டி மேலே சொன்ன முழு இழப்பீட்டைக் கேட்டு, போட்ட மனு காலாவதியாகிவிடும். தங்கையிடம் யார் எந்தத் தாளை நீட்டினாலும், வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். மாறாக, கார் அவர் பெயரிலேயே இருந்து, அதன் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்ந்திருந்தால், அதைத் தயங்காமல் கேளுங்கள். அதற்குத் தவறு யாருடையது என்ற கேள்வி எழாது. செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும்.

மனுவை விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இரண்டு மாதம் போய்விட்டது. திண்டிவனம் பக்கம் அலைய வேண்டியதில்லை. தங்கை வசிக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். அதற்கு முன் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். பிரேக் சரியாக இருந்தது என்று மட்டும் எழுதி, பின்விளக்கு, ஒளிப்பட்டை, தடுப்புக் கம்பி பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அந்த மௌனத்தைக் குறுக்கு விசாரணையில் கேட்டாக வேண்டும். பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் குறிப்பு), வரைபடம், காவலர்கள் எடுத்த படங்கள், ரோந்து வாகனப் பதிவு, சுங்கச்சாவடிக் கேமராப் பதிவு எல்லாவற்றையும் எழுத்துமூலம் கேளுங்கள். கேமராப் பதிவுகள் வெகுநாள் இருக்காது. அழிந்திருந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பதிவு எண்ணைக் கொண்டு அரசின் பரிவாஹன் இணையதளத்தில் லாரியின் காப்பீடும் தகுதிச் சான்றும் எந்தத் தேதி வரை என்று பார்த்துவிடலாம்.

அந்த லாரி இப்போது எங்காவது ஓடிக்கொண்டுதான் இருக்கும். பொதுச் சாலையில் நிற்கும்போது அதன் பின்புறத்தைப் படமெடுத்து வையுங்கள். பழைய வண்டியில் கம்பியும் ஒளிப்பட்டையும் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், எப்போது, ஏன் மாட்டினீர்கள் என்று உரிமையாளரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம்.