ஒரே குப்பியில் ஸ்பிடி

வணக்கம் ஐயா,

முதுகலை நிலவியல் படிக்கிறேன். போன வருடம் இமாச்சலின் ஸ்பிடி பள்ளத்தாக்குக் களப்பயணத்தில் எடுத்துவந்த சுண்ணாம்புக்கற்களை அசெட்டிக் அமிலத்தில் கரைத்தேன். கோனோடான்ட்டுகள், அதாவது அழிந்துபோன ஒரு கடல் விலங்கின் பல் போன்ற நுண் புதைபடிவங்கள், நிறைய கிடைத்தன. அழகானவற்றையெல்லாம் பொறுக்கி ஒரு குப்பியில் சேர்த்து வைத்திருக்கிறேன். இவற்றை முதுகெலும்பி என்று சொல்லலாமா? வீட்டில் வைத்துப் பார்க்க எந்த மைக்ரோஸ்கோப் வாங்கலாம்? "மண்ணைச் சலித்துப் பல் பொறுக்குகிறான்" என்று அப்பா கேலி செய்கிறார்.

கதிர்

அன்புள்ள கதிர்,

அப்பா சொல்வது சரிதான், வேலையே அதுதான். அரை மில்லிமீட்டர் பல்லை ஈரத் தூரிகையின் நுனியில் தொட்டெடுக்கும் பொறுமை இந்த வயதில் உங்களுக்கு வாய்த்திருப்பது எனக்குச் சந்தோஷம். மைக்ரோஸ்கோப்பா? 40 மடங்கு காட்டும் ஏதாவது ஒரு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் வாங்குங்கள், விளக்கு நன்றாக இருக்கட்டும். முதுகுநாணும் பெரிய கண்களும் இருந்த விலங்கு என்பதால் பலரும் முதுகெலும்பிகளின் பக்கம் சேர்க்கிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை, அது கிடக்கட்டும்.

அந்தக் குப்பிக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, அதில் அழகு வேறு பார்த்திருக்கிறீர்கள்! எந்தக் கல், எந்த அடுக்கு, அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு சீட்டாவது எழுதினீர்களா? சீனாவின் மெய்ஷானில் ஒரு சாண்கூட இல்லாத 27ஆம் அடுக்கின் நடுவே ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடான்ட் முதன்முதலில் தலைகாட்டுகிறது. டைனோசர்கள் தோன்றிய ட்ரையாசிக் காலம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று 2001இல் உலகத்துக்கே வரையறுத்துவிட்டார்கள். அதை மேலடுக்குப் பல்லோடு கலந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

போன வாரம்தான் குப்தா விவகாரத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. உங்கள் வகுப்பில் இதைச் சொல்லித் தந்திருக்க வேண்டும். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வி. ஜே. குப்தா இமயமலைப் புதைபடிவங்கள் பற்றிக் கட்டுரைகளாக எழுதிக் குவித்தவர். நியூயார்க் மாநிலத்து ஆம்ஸ்டெல் ஓடையில் கிடைக்கும் கோனோடான்ட்டுகள்தாம் அவர் கட்டுரைகளில் இமயத்தில் கிடைத்தவையாக வருகின்றன என்று ஆஸ்திரேலியப் புதைபடிவ ஆய்வாளர் ஜான் டேலன்ட் 1989இல் 'நேச்சர்' இதழில் போட்டு உடைத்தார். பல்கலைக்கழக விசாரணையும் குப்தாவுக்கு எதிராகவே முடிந்தது. புதைபடிவங்கள் நிஜம், கிடைத்த இடம்தான் பொய். அவரை நம்பி இமயத்தின் அடுக்குகளை வரிசைப்படுத்தியவர்கள் பாடு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களிடம் பொய் இல்லை, உண்மைதான். ஆனால் அடுத்து படிக்கிறவனுக்கு அந்தக் குப்பியும் அதே அளவுக்குத்தான் உதவும்.

மறுபக்கமும் உண்டு. 1856இல் பாண்டர் என்ற இயற்கையியலாளர் இந்தப் பற்களை விவரித்தபின் நூறு வருடத்துக்கு மேல் யாருக்கும் விலங்கின் உடல் கிடைக்கவில்லை. 1982இல் யூவான் கிளார்க்சன் என்ற புதைபடிவ ஆய்வாளர் எடின்பரோவில் இறால் புதைபடிவங்களுக்காகப் பழைய சேகரிப்பைத் துழாவினார். 1920களில் யாரோ எடுத்து வைத்த கல்லில் நாலு சென்டிமீட்டர் நீள உடல், தலைப்பக்கம் பற்கள்! எடின்பரோ கடற்கரையில் உள்ள கிரான்டனில் எடுத்தது என்று பதிவு இருந்ததால் அதே அடுக்கில் தேடி இன்னும் சில உடல்களைக் கண்டுபிடித்தார்கள்.

நான் படித்த ஆய்வகத்தில் ஓர் உதவியாளர் இருந்தார். ஒவ்வொரு மாதிரியைக் கழுவியதும் சல்லடையை மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் முக்குவார். கண்ணியில் சிக்கிய துகள் நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீலப் பல் வந்தால் அது போன கல்லுடையது, தூக்கிப் போடு. அவர் விரல்களில் எப்போதும் நீலம் இருக்கும். அவசரத்துக்கு முக்காத சல்லடை கேட்ட பேராசிரியரிடம், "சார், காயட்டும்" என்றார், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். நீங்கள் முதுகலை.

குப்பியைக் கொட்டிவிடாதீர்கள். 'ஸ்பிடி, கலப்பு' என்று ஒட்டித் தூரிகைப் பழக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரைக்காத கல் ஏதாவது மிச்சமிருந்தால் களக்குறிப்பேட்டை எடுத்து இன்றே எண் போடுங்கள். குறிப்பேடும் இல்லையென்றால் எனக்குப் பதில் எழுதாதீர்கள், அடுத்த கோடையில் ஸ்பிடியின் மூத் கிராமத்துக்கு அளவுநாடாவோடு போய்விட்டு எழுதுங்கள்.