கரண்ட் வைத்த பிறகு எச்சில் ஊறவில்லை, சிவப்பு ஒளி சிகிச்சை எடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. அடிநாக்கில் வந்த புற்றுக்கு 35 முறை கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் எச்சில் ஊறுவதே இல்லை, கவளத்துக்குக் கவளம் தண்ணீர் குடிக்கிறார். கன்னத்தில் சிவப்பு ஒளி வைத்தால் சரியாகும் என்கிறார்கள். அதுவும் கரண்ட் மாதிரிதானா? ஆன்லைனில் விற்கும் விளக்கு வாங்கலாமா?

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது கரண்ட் வைப்பது போன்றது இல்லை. அது செல்லின் மரபணுவையே உடைக்கும் கதிர். இது குறைந்த சக்தி கொண்ட சிவப்பு ஒளி, அல்லது அதற்கு அடுத்த, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. தோலைச் சுடாது, வலிக்காது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை உறிஞ்சி, சோர்ந்து கிடக்கும் செல்லைக் கொஞ்சம் சுறுசுறுப்பாக்கும் என்பதுதான் இதன் அடிப்படை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோர்ந்த செல்லைத் தட்டி எழுப்பலாம், செத்துப்போனதை எழுப்ப முடியாது. காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளும் தாடைக்கு அடியில் இருப்பவையும் கதிருக்கு மிகவும் நொய்ந்தவை. உங்கள் கணவரின் சுரப்பிகள் எவ்வளவு கதிர் வாங்கின என்பது அவருடைய சிகிச்சைத் திட்டத்திலேயே இருக்கும், கதிர்வீச்சு மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு பக்கச் சுரப்பியாவது ஓரளவு தப்பியிருந்தால், ஒளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் ஒன்றிரண்டு வருடங்களில் எச்சில் மெதுவாகக் கூடும். எட்டு மாதத்தில் கதை முடிந்துவிடவில்லை.

கரண்ட் வைக்கும் நாட்களில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த ஒளி நன்றாகவே உதவுகிறது, சர்வதேச வழிகாட்டு நெறிகளே அதைப் பரிந்துரைக்கின்றன. வாய் வறட்சிக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. சிறு ஆய்வுகள் சிலவற்றில் எச்சில் கூடியது, சிலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி விளக்கு காட்டியவர்களுக்கும் உண்மையான ஒளி வைத்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அதனால் எடுக்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். புற்று இருந்த இடத்தின் மேல் நேராக ஒளி படக்கூடாது என்பதில் கவனமாக இருப்பவர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, அளவு கணக்கிட்டுத் தருபவர்கள், உங்கள் புற்றுநோய் மருத்துவரும் சரி என்கிறார், அப்படியானால் முயன்று பாருங்கள். கடன் வாங்கி எடுக்காதீர்கள். ஆன்லைன் விளக்கு வேண்டாம், அதில் எவ்வளவு ஒளி எவ்வளவு ஆழம் போகிறது என்று யாருக்கும் கணக்கு இல்லை.

எனக்கு அதிகக் கவலை அவருடைய பல்லைப் பற்றித்தான். வாய் நன்றாகக் காய்ந்தவர்களைப் பரிசோதிக்கும்போது சின்னக் கண்ணாடி கன்னத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட வாயில் ஈறை ஒட்டிய இடத்தில் பல் மளமளவென்று சொத்தையாகும். பிறகு பல்லைப் பிடுங்கினால், கதிர் பட்ட தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகலாம். ஆகவே இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள், கரண்ட் வைத்ததைச் சொல்லுங்கள், தினமும் போட ஃப்ளோரைடு ஜெல் கேளுங்கள். கதிர்வீச்சு மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பல்லையும் எடுக்க விடாதீர்கள்.

பைலோகார்பைன் மாத்திரையும் இருக்கிறது, சுரப்பியில் உயிர் மிச்சமிருந்தால் எச்சிலைக் கூட்டும். வியர்த்துக் கொட்டும், ஆஸ்துமாவும் சிலவகைக் கண் அழுத்தமும் இருப்பவர்களுக்கு ஆகாது, அதனால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். தூக்கத்துக்கோ அலர்ஜிக்கோ வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா? அவற்றில் பலவும் வாயைக் காய வைக்கும், பட்டியலை எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டில் குழைந்த ரசம் சாதம், மோர் சாதம் இறங்கும். எச்சில் வரட்டும் என்று எலுமிச்சை மிட்டாயோ புளிப்பு மிட்டாயோ சப்ப வேண்டாம், பல் போய்விடும், சர்க்கரை இல்லாத சூயிங்கம் போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா கலந்து அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லுங்கள். அப்புறம், வாய் எரிகிறது, உள்ளே வெள்ளையாகவோ ரத்தச் சிவப்பாகவோ படிந்திருக்கிறது என்றால் அது பூஞ்சையாக இருக்கலாம், ஒளி பற்றி யோசிக்கும் முன்பே அதற்கு மருந்து வாங்குங்கள்.