சம்மதம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் மகளுக்கு ஆறு வயது. போன ஆவணியில் முதல் ஃபிட்ஸ் வந்தது. இப்போது ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை வருகிறது. அது போக வலது கன்னமும் வலது கையும் தூக்கத்தில்கூடத் துடித்துக்கொண்டே இருக்கின்றன. நான்கு மருந்து மாற்றியாயிற்று, ஸ்டீராய்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ராஸ்முசன் என்செஃபலைட்டிஸ், மூளையின் இடது பாதியை டிஸ்கனெக்ட் பண்ணணும், வலது கை பழையபடி வராது என்று டாக்டர் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். “பொட்டப்புள்ள, கை வெளங்காமப் போனா நாளைக்கு யாரு கெட்டுவா” என்று அம்மா அழுகிறாள். மனைவி செய்துவிடலாம் என்கிறாள். மாமா ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு மண்டலம் நாட்டு மருந்து பார்க்கச் சொல்கிறார். பிள்ளை வலது கையால்தான் எழுதுவாள், படம் போடுவாள். இப்போது பென்சில் நழுவுகிறது. நன்றாக இருக்கிற கையை நானே வெட்டக் கொடுப்பதுபோல இருக்கிறது. என்ன செய்யட்டும்?

எஸ்., தென்காசி

அன்புள்ள எஸ்.,

முதலில் மாமா விஷயம், அதுதான் அவசரம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாட்டு மருந்து நல்லதா கெட்டதா என்று மாமாவோடு வாதாடவே வேண்டாம், மாத்திரையை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். அப்படியே வீட்டில் எல்லோருக்கும் இன்னொன்று: வலிப்பு வரும்போது கையில் சாவியைத் திணிப்பது, வாயில் ஸ்பூனை வைப்பது எல்லாம் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனை. மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இனி ஆபரேஷன். நான் டாக்டர் இல்லை. ஆனால் என் நண்பன் வீட்டில் இதே முடிவை எடுக்க வேண்டிவந்தபோது கூட இருந்தவன், அப்போது தேடிப் படித்தவன், அந்த அளவில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் பென்சில் நழுவுகிறது என்று எழுதிய கையோடு அடுத்த வரியிலேயே ‘நன்றாக இருக்கிற கை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. 1958இல் மான்ட்ரியாலில் தியோடர் ராஸ்முசனும் கூட இருந்தவர்களும் இந்த நோயை எழுதி வைத்த காலத்திலிருந்து தெரிந்த விஷயம், இது மூளையின் ஒரு பாதியை மட்டும் பிடித்து, அழற்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்க வைக்கும் என்பது. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் எல்லாம் வேகத்தைக் குறைக்கலாம், பெரும்பாலும் நிறுத்துவதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தக் கையும் காலும் ஆபரேஷன் இல்லாமலே பலவீனப்பட்டுவிடும், கூடவே பேச்சும் படிப்பும் பின்னால் போகும். அதாவது நீங்கள் இன்றைக்கு இருக்கிற மகளையும் ஆபரேஷனுக்குப் பிறகு வரப்போகிற மகளையும் தராசில் வைத்துப் பார்க்கிறீர்கள். இன்றைக்கு இருக்கிறவளை அப்படியே வைத்துக்கொள்ளும் வாய்ப்பை நோய் உங்களுக்குத் தரவில்லையே.

உங்களைத் தடுப்பது வேறொன்று என்று நினைக்கிறேன். நோய் கையை எடுத்துக்கொண்டால் அது விதி, சாமி கணக்கு. ஆபரேஷனில் கை போனால் சம்மதப் படிவத்தில் உங்கள் பெயர் இருக்கும். நாளைக்கு மகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இந்தப் பயம் நியாயமானது, ஆனால் அது உங்கள் பயம், பிள்ளையின் நலன் இல்லை. சும்மா இருப்பதும் நீங்கள் எடுக்கிற முடிவுதான், அதற்கு யாரும் படிவம் நீட்டுவதில்லை, அவ்வளவுதான்.

பாதி மூளையை எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். முன்பு அப்படித்தான் செய்தார்கள். வெற்றிடத்தில் பல வருடம் கழித்து ரத்தக் கசிவால் சிக்கல்கள் வந்ததால் இப்போது முறை மாறிவிட்டது. இன்றைய ஹெமிஸ்பியராட்டமியில் கொஞ்சம் பகுதியை மட்டும் எடுத்து, இணைப்புகளைத் துண்டித்துவிடுகிறார்கள். அந்தப் பாதி ரத்த ஓட்டத்தோடு உள்ளேயே இருக்கும், அதன் மின்சாரக் கலவரம் மட்டும் அடுத்த பாதிக்குப் போகாது.

என்ன இழப்பு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உடம்பின் வலது பக்கத்தை இயக்குவது மூளையின் இடது பாதி, அதனால் வலது கை விரல்களின் நுணுக்க அசைவு திரும்பாது. தோளும் முழங்கையும் ஓரளவு வரும், பெரும்பாலான குழந்தைகள் மறுபடி நடக்கிறார்கள், காலை இழுத்துத்தான். இரண்டு கண்ணிலும் பார்வையின் வலது பாதி போய்விடும், ரோடு கடக்கும்போது தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தலையில் நீர் சேர்ந்து, அதை வடிக்கிற ஷன்ட் என்ற குழாய் வைக்க வேண்டிவரும். மாத்திரையும் உடனே நிற்காது, மெதுவாகத்தான் குறைப்பார்கள். டெல்லி எய்ம்ஸில் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள 116 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து (எல்லாருக்கும் ராஸ்முசன் இல்லை, ஆபரேஷனும் பல வகை) 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஆபரேஷன் செய்த குழுவில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. மருந்தோடு மட்டும் காத்திருந்தவர்களில் 7 சதவீதம். ஆபரேஷன் ஆன 57 பேரில் 15 பேருக்கு ஒரு பக்கம் பலவீனமானது. இரண்டு எண்ணையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

உங்கள் மகள் விஷயத்தில் உண்மையாகவே கஷ்டமான கேள்வி பேச்சுதான். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இருப்பது மூளையின் இடது பாதியில் என்பதால். சின்ன வயதில் பேச்சு வலது பாதிக்கு இடம் மாறிக்கொள்ள முடியும், வயது ஏற ஏற அது கடினம். அவளுடைய பேச்சு இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது, எப்படிப் பரிசோதிப்பீர்கள், காத்திருந்தால் எதை இழப்போம் என்று கேளுங்கள். எப்போது செய்வது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கை முழுவதும் பலவீனமான பிறகு செய்யலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் இரண்டு நிமிடப் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவில் வலிப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது, 1990களிலிருந்து வலிப்பு ஆபரேஷன்கள் நடக்கின்றன. பணம் பற்றி அங்கே சமூகப் பணியாளரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? கல்யாணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாகவே இருந்தது, 1999இல்தான் எடுத்தார்கள், ஊர் மனசு அதையும்விட மெதுவாகத்தான் மாறும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் மூளையைப் பற்றிய முடிவில் வராத மாப்பிள்ளைக்கு ஓட்டு கிடையாது. அழட்டும், அழுதுவிட்டு அவர்தான் பேத்திக்குச் சோறு ஊட்டப்போகிறார். அப்புறம், இவ்வளவு நீளமான கடிதத்தில் உங்கள் மனைவிக்கு ஒரே ஒரு வரி. ராத்திரி பிள்ளை பக்கத்தில் படுத்து ஒவ்வொரு வலிப்பையும் பார்க்கிறவர் அநேகமாக அவராகத்தான் இருக்கும். எனக்கு எழுதுவதற்கு முன் அவரிடம் ஏன் செய்துவிடலாம் என்கிறாய் என்று உட்கார்ந்து கேட்டீர்களா? கேளுங்கள்.

என் நண்பனின் மகனுக்கு வலது பாதி. இடது கையை இப்போது தட்டை அழுத்திப் பிடிக்க, பையைத் தோளில் மாட்ட மட்டும் பயன்படுத்துகிறான். சட்டைப் பட்டன் போட அம்மாவைத்தான் கூப்பிடுகிறான். வாரத்துக்கு ஒரு சண்டையாவது பள்ளிக்கூடத்தில் போடுகிறான் என்று நண்பன் புகார் சொல்கிறான். எல்லாப் பிள்ளைக்கும் இப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை.

உங்கள் மகளுக்கு இடது கையில் பென்சில் கொடுத்துப் பழக்க இன்றைக்கே ஆரம்பிக்கலாம். ஆபரேஷன் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது வேண்டியிருக்கும். ஸ்ரீசித்ராவுக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, எம்.ஆர்.ஐ. படங்கள் இருக்கிற டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துடிப்பையும் வலிப்பையும் முகம், கை, கால் மூன்றும் தெரிகிற மாதிரி போனில் எடுத்து வையுங்கள். பயண நாளன்று காலை மாத்திரை தவறக்கூடாது, பஸ்ஸில் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்கலாமா என்று முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.