பத்துக்குப் பத்து பொருந்தியும் இந்தச் சிவப்பு ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. கடுமையான மைலாய்டு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்காக, அவருடைய அக்காவிடமிருந்து ஸ்டெம் செல் பெற்று மாற்று சிகிச்சை செய்தார்கள். இன்று 34ஆம் நாள். திசுப் பொருத்தம் பத்துக்குப் பத்து என்றார்கள். மூன்று நாள்களாக உள்ளங்கையும் காதுமடலும் சிவந்து எரிகின்றன. நேற்றிலிருந்து வயிறு தண்ணீராகப் போகிறது. முழுப் பொருத்தம் இருந்தும் ஏன் இப்படி? தன் இரத்தம்தான் சேரவில்லை என்று அக்கா அழுகிறார். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதுவரை மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: ஐந்து நாள் காத்திருக்க வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே, சிகிச்சை அளித்த மருத்துவமனையின் மாற்று சிகிச்சைப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, இன்றே அவரை அழைத்துச் செல்லுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஜி.வி.எச்.டி. என்று நாங்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் அழற்சியாக இருக்கக்கூடும். உறுப்பு மாற்றத்தில் நோயாளியின் உடல் புதிய உறுப்பை நிராகரிப்பதைத்தான் பலரும் அறிந்திருக்கிறார்கள். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. கொடையாளரின் ஸ்டெம் செல்களோடு வந்த டி லிம்போசைட்டுகள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்கள், புகுந்த உடலை அந்நியமாகக் கருதித் தாக்குகின்றன. பெரும்பாலும் தோல், குடல், கல்லீரல் ஆகிய மூன்றும்தான் முதலில் அடிவாங்குகின்றன.

பொருத்தம் பார்க்கும்போது, 6ஆம் குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களில், அதாவது தன் அணு எது, அந்நிய அணு எது என்று உடல் அடையாளம் காண உதவும் மரபணுக்களில், ஐந்தை எடுத்துக்கொள்கிறோம். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு என்பதால் கணக்கு பத்தாகிறது. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான் என்பதால், உங்கள் கணவருக்கு அது அமைந்தது பெரிய பேறு. ஆனால் திருமணத்துக்குப் பார்க்கும் பத்துப் பொருத்தத்தைப் போலவே இதையும் முழு உத்தரவாதம் என்று குடும்பங்கள் எடுத்துக்கொள்வதை அடிக்கடி காண்கிறேன். நாங்களும் அதை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பத்துக்கு வெளியே மனிதருக்கு மனிதர் வேறுபடும் சிறுசிறு புரதங்கள் ஏராளமாக உள்ளன. அக்காவின் உடலில் ஒய் குரோமோசோம் கிடையாது. ஆகவே தம்பியின் உடலில் அந்தக் குரோமோசோம் உருவாக்கும் புரதங்களை அவருடைய அணுக்கள் புதியவையாகக் காண முடியும். இதில் அக்காவின் குறை என்று எதுவுமே இல்லை. தயவுசெய்து இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்றவர்களுக்கு இந்த அழற்சி மிக அரிதாகவே வருகிறது. ஆனால் லுகேமியா திரும்பி வருவது அவர்களிடம்தான் அதிகம். தோலைச் சிவக்க வைக்கும் அதே அணுக்கள்தான் எஞ்சிய புற்றணுக்களையும் தேடி அழிக்கின்றன. ஆகையால் அவற்றை முற்றிலும் முடக்கிவிடாமல், உறுப்புகளுக்குச் சேதம் வராத அளவுக்கு அடக்கி வைப்பதே மருத்துவரின் வேலை. தலசீமியா போன்ற புற்றல்லாத நோய்களில் இந்த ஆதாயம் இல்லாததால், அங்கே இதை அறவே தவிர்க்கவே முயல்கிறோம்.

மருத்துவமனையில் முதலில், இது உண்மையில் ஜி.வி.எச்.டி.தானா என்று பார்ப்பார்கள். மருந்து ஒவ்வாமையிலும் தோல் சிவக்கும்; சைட்டோமெகலோ வைரஸ் குடலைத் தாக்கினாலும் வயிறு போகும். தொற்றுக்கு ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் தொற்று முற்றும் என்பதால்தான் தோலிலிருந்தோ குடலிலிருந்தோ சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கிறார்கள், அதற்குத் தயங்காதீர்கள். குடலும் பாதிக்கப்பட்டது உறுதியானால் வழக்கமாக மெதில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்குவார்கள். அதற்கு அடங்காவிட்டால் ருக்ஸோலிடினிப் என்ற மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் இதற்கு 2019இல் அனுமதி கிடைத்தது.

புறப்படும்போது இரண்டு விவரங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். விரல்கள் சேர்ந்த அவருடைய உள்ளங்கைப் பரப்பு, உடல் தோலில் ஏறத்தாழ 1 சதவீதம். சிவப்பு எத்தனை உள்ளங்கை அளவுக்குப் பரவியிருக்கிறது என்று எண்ணுங்கள். கழிப்பறையில் அளவுக்கோடு போட்ட குவளை ஒன்றை வைத்து, ஒரு நாளில் எத்தனை மில்லி போகிறது என்று அளந்து எழுதுங்கள். எத்தனை முறை போனார் என்பதைவிட இதுவே எங்களுக்கு முக்கியம், ஏனெனில் 500 மில்லியைத் தாண்டினால் குடல் பாதிப்பின் நிலையை அந்த அளவை வைத்தே வகுக்கிறோம். நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க இரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரையைக் கொடுங்கள். மாத்திரையை வாந்தியெடுத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.