அட்டையில் 60,000 என்று போட்டிருக்கும் மாத்திரை

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. மூட்டுவலிக்குக் காட்டியபோது வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்று 60,000 யூனிட் மாத்திரை, வாரம் ஒன்று, 8 வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். வலி குறைந்த மாதிரி இருந்ததால் பழைய சீட்டைக் காட்டி வாங்கி இன்னும் சாப்பிடுகிறார், எட்டு மாதம் ஆகிவிட்டது. கூடவே கால்சியம் மாத்திரையும். கொஞ்ச நாளாகப் பசியில்லை, குமட்டல், மலச்சிக்கல், அடிக்கடி தண்ணீர் கேட்கிறார். வைட்டமின்தானே, தொடரலாமா? - வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். டி, கால்சியம் இரண்டு அட்டையையும் அம்மாவிடமிருந்து வாங்கி வைத்துவிட்டு, இன்றோ நாளையோ டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), வைட்டமின் டி மூன்றையும் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் தொந்தரவுகள் ஒன்றாகச் சேர்ந்து வந்தால், கால்சியம் ஏறியிருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். வாந்தி நிற்காவிட்டாலோ, பேச்சு குழம்பினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள்.

60,000 என்பது எவ்வளவு பெரிய அளவு என்று யாரும் சொல்லித் தருவதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி வயது வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும். வகுத்துப் பாருங்கள், ஒரே மாத்திரையில் 100 நாளுக்கு உரியது இருக்கிறது. குறைந்துபோனதை நிரப்பச் சில வாரம் அப்படிக் கொடுப்பது சரியான வைத்தியம், அப்புறம் அளவைக் குறைத்துவிட வேண்டும். வைட்டமின் சி கூடினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். டி அப்படிப் போகாது, கொழுப்பில் தங்கிவிடும். தங்கியது குடலிலிருந்து கால்சியத்தை அளவுக்கு மேல் இழுக்கும், அந்தச் சுமை சிறுநீரகத்தில் விழும். எட்டு மாதம் சாப்பிட்ட எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் ஆனவர்களுக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கால்சியம் இறங்காமல் இருப்பதுண்டு.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் இந்த மாத்திரையைப் பிரஷர் மாத்திரை டப்பாவிலேயே போட்டு வைத்து தினமும் ஒன்று விழுங்கியிருந்தார். நான்கு நாளில் ஒரு அட்டை தீர, பேரன் வாங்கி வந்துகொண்டே இருந்திருக்கிறான். அன்றிலிருந்து இந்த மாத்திரை எழுதும்போதெல்லாம் அட்டையின் பின்னால் மார்க்கரில் ‘ஞாயிறு மட்டும்’ என்று நானே எழுதித் தருகிறேன். நீங்களும் வீட்டில் அப்படி எழுதி வையுங்கள், கடைசி ஞாயிறு எந்தத் தேதி என்பதைத் தினசரி காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கேள்வி: சுத்த சைவம். 12 வருடமாக சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பாதம் மரத்து ஊசி குத்துவது போல் இருக்கிறது. மெடிக்கலில் கொடுத்த நரம்பு மாத்திரையில் பி12 1,500 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. இதுவும் ஆபத்தான அளவா? - வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை, இங்கே கணக்கு வேறு. தினசரித் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் குடல் ஒரு தடவையில் முறையாக உள்ளே எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மைக்ரோகிராம், மீதியில் நூற்றில் ஒரு பங்கு தானாக உள்ளே கசியும். அந்த ஒரு பங்குக்காகத்தான் அத்தனை பெரிய அளவு. உபரியால் கெடுதல் என்று எதுவும் தெரியவில்லை.

உங்களுக்குக் குறைய இரண்டு காரணம் இருக்கிறது. சைவத்தில் பி12 கிடைப்பது பால், தயிர், மோரில்தான். ஒரு டம்ளர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம். பழைய சோற்றில் நிறைய இருக்கிறது என்று சொல்வதை நம்பி இருக்காதீர்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தத்தில் பி12 பார்த்து, ரொம்பக் குறைவாக இருந்தால் ஊசியாகவே போட்டுக்கொள்ளலாம். சர்க்கரையாலும் கால் மரத்துப்போகும், அதனால் பாதத்தைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்வதும் அவசியம்.

இன்னொன்று. அந்த அட்டையைத் திருப்பி ‘பைரிடாக்சின்’ என்ற வரியைத் தேடுங்கள். அது பி6. தேவை 2 மில்லிகிராம் அளவில்தான், சில நரம்பு மாத்திரைகளில் பல மடங்கு இருக்கும். மாதக்கணக்கில் அதிக அளவில் போனால் அந்த பி6 சத்தே நரம்பைக் கெடுத்துக் காலை மரத்துப்போகச் செய்யும். மரப்புக்கு மாத்திரை, அந்த மாத்திரையால் மரப்பு என்று ஆகிவிடக் கூடாது.

கேள்வி: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். தைராய்டு டெஸ்டில் அளவு கூடியிருக்கிறதாம், ஆனால் உடம்புக்கு ஒன்றுமே இல்லை. - வாசகி, ஈரோடு

பதில்: பயோட்டின் தேவை ஒரு நாளைக்கு 30, 40 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது 10,000 மைக்ரோகிராம். அது உடம்பைக் கெடுக்காவிட்டாலும் சில ரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்ட வைக்கும். தைராய்டு மட்டுமல்ல, மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனினும் அதில் உண்டு. தைராய்டு மாத்திரை எதையும் ஆரம்பிக்கும் முன், நீங்கள் பயோட்டின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு டெஸ்டைத் திரும்ப எடுக்கச் சொல்வார். அதே ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) பார்த்துவிடுங்கள், முடி கொட்டுவதற்கு பயோட்டின் குறைவைவிட இரும்புச்சத்துக் குறைவைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.