பதில்: 52 வயது அம்மா மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வர மறுக்கிறார் (பென்னாகரம்)

"வலியே இல்லை, எதுக்கு?" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மார்பகப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.

ஆண் டாக்டர் பார்ப்பாரோ என்ற அவர் பயத்துக்கு: ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேல் இலவசமாக மார்பகத்தைக் கையால் பரிசோதிப்பார்கள், செய்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். அங்கே தொடங்குங்கள். கட்டி ஏதும் தென்பட்டால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அங்கே மேமோகிராம் படம் எடுப்பவர் பெண்ணா என்று முன்பே கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

அன்று அக்குளில் பவுடர், சென்ட் வேண்டாம். படத்தில் மார்பகத்துச் சுண்ணாம்புத் துகள் போலவே தெரிந்து குழப்பும். மாதவிடாய் நிற்கவில்லையென்றால், வந்த நாளிலிருந்து 7 முதல் 10 நாளுக்குள் போனால் இயந்திரம் மார்பை அழுத்தும்போது வலி குறைவு. ஒவ்வோர் அழுத்தமும் சில விநாடிதான். தாலிச் சங்கிலி படத்தில் விழும்.  முதுகுப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

அறிக்கையில் 'பைராட்ஸ் 0' (படத்தின் முடிவைச் சொல்லும் குறியீட்டு எண்) என்றிருந்தால் பதறாதீர்கள், புற்று என்று அர்த்தமில்லை. இன்னும் படம் தேவை என்பதுதான். ஆசியப் பெண்கள் பலருக்கு மார்புத் திசு அடர்த்தி அதிகம், அதனால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் கட்டி கைக்கே தட்டுப்பட்டால், படம் சுத்தமாக இருந்தாலும் விடக்கூடாது.