அடர்ந்த காட்டில் மான் வேட்டைக்கு எந்த ரைஃபிள், எந்த காலிபர் ஏற்றது?

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். ஆனால் தோட்டாவின் ஆற்றலை அது மட்டும் தீர்மானிப்பதில்லை, அதிலிருந்து பாய்ந்து செல்லும் குண்டின் எடையும் வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவின் மெய்ன், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் அடர்காடுகளில் வெள்ளைவால் மான் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்ளேயே, அதுவும் மரங்களின் இடைவெளியில் சில நொடிகள் மட்டுமே தென்படும் என்பதால், நெடுந்தொலைவு பாயும் அதிவேகத் தோட்டாவைவிட, சட்டென்று தோளுக்கு ஏறும் குட்டையான ரைஃபிளே அங்கு உதவும். குறுகிய மாடிப்படியில் நீளமான ஒட்டடைக்கோலைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1895-இல் அறிமுகமான வின்செஸ்டர் .30-30 தோட்டா இன்றும் அங்கே நிலைத்திருப்பது இதனால்தான்: ஏறத்தாழ 11 கிராம் குண்டு, தாங்கக்கூடிய உதைப்பு, அதைச் சுடும் பெரும்பாலான ரைஃபிள்களில் விசைக்கு அருகிலுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயார். ஏற்கெனவே .308 காலிபர் ரைஃபிள் வைத்திருப்பவர் இதற்காக வேறொன்று வாங்கத் தேவையில்லை. குறிநோக்கியின் உருப்பெருக்கத்தை மட்டும் குறைத்து வைத்தால் போதும். 9 மடங்கில் பார்த்தால், 20 மீட்டரில் நிற்கும் மான் வெறும் பழுப்பு மயிராகத்தான் தெரியும்.

கனமான, மெதுவான குண்டு புதரைத் துளைத்துக்கொண்டு நேராகச் செல்லும் என்ற பரவலான நம்பிக்கை தவறு. சுள்ளியில் பட்டால் எந்தக் குண்டும் திசைமாறக்கூடும், ஆகவே தெளிவான இடைவெளி கிடைக்கும்வரை சுடக் கூடாது.